மேய்ச்சல் தரையில் தீ: தீயணைப்பு வண்டி வரும் வரை ஊர்க்காரர்கள் என்ன செய்யலாம்?

ஊருணிக்கரை:

வணக்கம். இடம் காரைக்குடிக்கும் திருமயத்துக்கும் நடுவில். 40 ஏக்கர் மேய்ச்சல் தரை, சரளை கலந்த செம்மண். தெற்கே தார் ரோடு, மேற்கே தைலமரக் காடு, கிழக்கே கண்மாய்க் கரை, வடக்கே ஊர். ஊர் ஓரத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டுத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கேயும் புல் மதில் உயரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்கிற புல் தை கடைசியில் முழங்கால் உயரத்தில் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். இடையிடையே பனை, சீமைக் கருவேலம்.

தீயணைப்பு வண்டி வர 25 முதல் 40 நிமிடம். கையில் இருப்பது: 2 டிராக்டர், ஒரு 9 கொத்துக் கலப்பை (மண்ணைக் கீறும் முனை ஒன்பது), 4,000 லிட்டர் தண்ணீர் டேங்கர் ஒன்று, 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் 4, கூப்பிட்டால் வரும் ஆட்கள் 15 பேர்.

கேள்விகள் மூன்று. தடுப்புக்கோடு எங்கே, எவ்வளவு அகலம் உழ வேண்டும்? அந்த அரை மணி நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து அணைக்க ஆரம்பிக்க வேண்டும்? போன கோடையில் அணைத்து முடித்த இடம் மறுநாள் மதியம் திரும்பப் பற்றியது, அது ஏன்?

---

கலப்பைக்கொழு:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பாதி வேலை முடிகிறது.

உழவு மாசியில் இல்லை, தை பிறந்ததும். மாசியில் சரளைமண் இறுகிவிடும். கொத்து மேலே மேலே கீறிக்கொண்டு போகும், புல்தூர் பிடுங்காது. தூரத்தில் நின்று பார்த்தால் உழுத மாதிரித்தான் தெரியும். குனிந்து பார்த்தால் இரண்டு கொத்துக்கு நடுவே புல் அப்படியே நிற்கும். தீ அந்த வரிசை வழியாக நூல் பிடித்த மாதிரி கோட்டைத் தாண்டிவிடும். ஈரம் இருக்கும்போது நேராக ஒரு சால், குறுக்காக ஒரு சால் ஓட்டினால்தான் வெறும் மண் கிடைக்கும். அதன்பிறகு எப்போதாவது மழை விழுந்தால் கோட்டில் புல் திரும்ப முளைக்கும். மாசி நடுவில் ஒருமுறை போய்ப் பார்த்து இன்னொரு சால் ஓட்டுங்கள்.

ரோட்டவேட்டர் வேண்டாம். அது புல்லை நறுக்கி மண்ணோடு கலந்து மெத்தை மாதிரி விட்டுவிடும். காய்ந்ததும் அந்த மெத்தை புகைந்து புகைந்து மறுபக்கம் சேர்ந்துவிடும். அதுதான் வேண்டும் என்றால் ஓட்டிய பிறகு பலகை போட்டு நறுக்கை ஊர்ப் பக்கமாக ஒதுக்காமல் மேய்ச்சல் பக்கமாக ஒதுக்குங்கள்.

அகலம்: 9 கொத்துக் கலப்பை ஒரு ஓட்டத்துக்கு ஏறக்குறைய 2 மீட்டர் பிடிக்கும். முழங்கால் புல் காற்றோடு எரிந்தால் தீ ஆள் உயரம் எழும்பும், முன்பக்கம் சாயவும் செய்யும். அதனால் ஒற்றை ஓட்டம் காற்றில்லாத காலையில் மட்டும் தாங்கும். ஊர்ப் பக்கம் இரண்டு இரண்டு ஓட்டமாக இரண்டு கோடு போடுங்கள், இரண்டுக்கும் நடுவே 8 முதல் 10 மீட்டர் இடைவெளி. அந்த நடுப் பட்டையில் இருக்கும் புல்லை என்ன செய்வது என்பதுதான் அடுத்த வேலை. உழுத பிறகு தையில் காலை நேரம் பார்த்து, பனி காய்ந்து காற்று கிளம்பும் முன் அந்தப் பட்டையை எரித்துவிடலாம். இருபுறமும் உழுத மண் இருப்பதால் தீ வெளியே போகாது.

ரோட்டோரத்தில் ஒரு கோடு கட்டாயம். பீடித் துண்டு, சிகரெட், சூடான சைலன்சரோடு புல்லில் ஏற்றி நிறுத்தும் வண்டி எல்லாம் அங்கேதான். ரோட்டிலிருந்து 3 மீட்டர் உழுதாலே முளையிலேயே பாதி தீ நின்றுவிடும். செலவும் அதுதான் குறைவு.

---

ஆள்காட்டி:

கலப்பைக்கொழு அண்ணன் உழவைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. நடுப் பட்டையை எரிப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில், அந்த நிலம் யாருடையது? மேய்ச்சல் புறம்போக்கு என்றால் ஊராட்சியிலும் தாசில்தார் அலுவலகத்திலும் கேட்காமல் உழவும் கூடாது, எரிக்கவும் கூடாது. கண்மாய்க் கரையின் அடியில் கொத்து இறக்கவே கூடாது, கரை பலம் போய்விடும். ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் அது நீர்வளத் துறைக் கண்மாய், அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். மேற்கே இருக்கும் தைலமரக் காடு காப்புக்காடா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ன்படி காப்புக்காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதும், மூட்டிய தீயை அப்படியே விட்டுப் போவதும் குற்றம். சொந்த நிலத்தில் நின்று வைத்தாலும் பொருந்தும்.

இரண்டாவது, அந்த இடத்தில் இருக்கும் கௌதாரியும் ஆள்காட்டிப் பறவையும் தரையிலேயே முட்டையிடுபவை. ஆள்காட்டி முட்டை சரளைக்கல் நிறத்தில், சரளைக்கல்லுக்கு நடுவே கிடக்கும், காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெறும் மண்ணாகக் கருகிய தரையில் கோடை மழை ஒன்று அடித்தால் மேல்மண் கரைந்து நேரே உங்கள் கண்மாய்க்குள்தான் போகும்.

எரிக்காமல் அந்தப் பட்டையைக் குட்டையாக்க நல்ல வழி ஆடு. மார்கழியில் கீதாரியிடம் (ஆட்டு மந்தை மேய்ப்பவர்) சொல்லி, மந்தையை மற்ற இடத்தில் விடாமல் அந்தப் பட்டையிலேயே வலை கட்டி நாளுக்கு இவ்வளவு என்று நகர்த்தி மேய்க்கச் சொல்லுங்கள். இரவில் மந்தையை அடைக்கும் கிடையையும் பக்கத்து வயலில் போட்டால் அவருக்கும் வருமானம், வயலுக்கும் உரம். ஆனால் காலம் தவறக்கூடாது. ஊசிப்புல் முள் வைத்துவிட்டால் ஆடு வாய் வைக்காது, முள் ரோமத்தில் ஏறித் தோலைக் குத்தும். மாசியில் கூப்பிட்டால் காய்ந்த தட்டையை மிதித்துவிட்டுப் போகுமே தவிரத் தின்னாது. நான்கு விரல் உயரத்துக்குப் புல் குறைந்தால் தீ அங்கே வந்ததும் முழங்காலுக்குக் கீழே படுத்துவிடும். படுத்த தீயைத் தழையால் அடித்தே அணைக்கலாம். ஆடு கிடைக்காவிட்டால் புல்வெட்டும் மெஷின் இருக்கிறது. வெட்டிய புல்லை அங்கேயே போடாமல் வாரி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வெட்டியதில் பயன் இல்லை. மெஷினில் இரும்புத் தகடு போட்டு வெட்டாதீர்கள், சரளையில் பட்டுப் பொறி பறக்கும். நைலான் கயிறு தலையே போதும்.

பனையை மறந்துவிடாதீர்கள். மரத்தைச் சுற்றித் தொங்கும் காவோலையில் (காய்ந்த ஓலை) தரைத்தீ ஏறினால் மரம் முழுக்கப் பந்தம். அங்கிருந்து பறக்கும் ஓலைத் துண்டு உங்கள் இரண்டு கோட்டையும் சேர்த்துத் தாண்டும். ஊர்ப் பக்கக் கோட்டிலிருந்து 20 மீட்டருக்குள் இருக்கும் பனைகளிலாவது காவோலையை இறக்கிவிடுங்கள். தைலமரத்தின் உரிந்து தொங்கும் பட்டையும் இதே வேலையைத்தான் செய்யும். காட்டின் விளிம்பில் இருக்கும் இரண்டு வரிசை மரத்தடியில் பட்டையையும் சருகையும் வாரிவிட அந்தக் காட்டுக்காரர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பூட்டிய வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும் சாவி வைத்திருக்கும் காவல்காரரிடம் சொல்லிப் பின்கட்டுப் புல்லைப் பொங்கலுக்குள் வெட்ட வையுங்கள். மதிலுக்கு உள்ளே போய்த் தீயை அணைப்பது வெளியில் அணைப்பதைவிட நாலு மடங்கு கஷ்டம். வாசல் பூட்டியிருந்தால் ஓடி வெளியே வரவும் வழி இருக்காது.

---

தழைக்கொப்பு:

இரண்டாவது கேள்வி, அந்த அரை மணி நேரம்.

புகை தெரிந்ததும் ஒருவர் 101 அல்லது 112-க்குப் பேச வேண்டும். ஊர் பெயரோடு நிறுத்தாமல் எந்த ரோடு, எத்தனையாவது கிலோமீட்டர் கல், லாரி எந்தப் பாதையில் வரலாம், எந்த இடத்தில் மின்கம்பி தாழ்ந்து தொங்குகிறது என்று சொல்ல வேண்டும். பேசியவரே பைக்கை எடுத்துக்கொண்டு ரோட்டு முனையில் போய் நின்று வண்டியை உள்ளே கூட்டி வர வேண்டும். தண்ணீர் நிரம்பிய வண்டி கண்மாய்க் கரை மண்பாதையில் ஏறினால் புதைந்துவிடும். அப்படிப் புதைந்தால் 20 நிமிடம் போய்விடும். கம்பி போகும் இடத்தில் தீ இருந்தால் மின்வாரியத்துக்கும் சொல்லி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியது உறுதியாகும் வரை கம்பிக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சக் கூடாது, அடர்ந்த புகைக்குள் அங்கே நிற்கவும் கூடாது.

இப்போது தீ. முன்னால் போய் நிற்காதீர்கள். காய்ந்த புல்லில் காற்று பிடித்த தீயை ஓடி ஜெயிக்க முடியாது. தீ ஆரம்பித்த இடத்துக்குப் பின்னால் போங்கள், அங்கே எரிந்து கறுத்த தரை இருக்கும். அந்தக் கறுப்பில் கால் வைத்து, அங்கிருந்து இரண்டு பக்கவாட்டையும் ஓரமாக அணைத்துக்கொண்டே முன்னேற வேண்டும். ஆபத்து வந்தால் கறுப்புக்குள் நுழைந்துவிட்டால் போதும், எரிந்த இடம் மறுபடி எரியாது. பச்சைப் பக்கம், அதாவது இன்னும் எரியாத பக்கம், நின்று அடித்தால் தப்பிக்க வழியே இருக்காது.

உங்கள் இடத்தின் அமைப்பைப் பார்த்தால் முதலில் அணைக்க வேண்டியது வடக்குப் பக்கவாட்டு. காரணம் காற்று. பங்குனி, சித்திரையில் காலையில் மேல்காற்று (மேற்கிலிருந்து வீசுவது) இருந்தால் தீ கிழக்கே கண்மாயை நோக்கிப் போகும். ‘கண்மாயில் போய் முட்டி நின்றுவிடும்’ என்று எல்லோரும் ஆறுதலாக நிற்பார்கள். நம் பகுதியிலிருந்து கடற்கரை அதிக தூரம் இல்லை. மதியத்துக்கு மேல் பல நாள் கடல்காற்று உள்ளே வந்து காற்று தென்கிழக்குக்குத் திரும்பிவிடும். திரும்பிய நிமிடமே இதுவரை சோம்பலாக எரிந்துகொண்டிருந்த வடக்கு ஓரம் முழுவதும், நீளத்துக்கு நீளம், புதிய தீமுகமாக ஊரை நோக்கிக் கிளம்பும். ஒரு முனையாக இருந்தது 300 மீட்டர் அகல வரிசையாகிவிடும். அதனால் வேகமாக ஓடும் கிழக்கு முனையை விட்டுவிட்டு, மெதுவாக எரியும் வடக்கு ஓரத்தை மதியம் 1 மணிக்குள் அணைத்து முடியுங்கள். இதைப் புரியவைப்பதுதான் கஷ்டம், எல்லோருக்கும் பெரிய தீயைத் துரத்தத்தான் தோன்றும். கோடை இடிமழை கூடும் மாலைகளில் இன்னும் கவனம் வேண்டும். மழைக்கு முன் இறங்கும் காற்று எந்தத் திசைக்கும் திருப்பும்.

ஆட்களை எப்படி நிறுத்துவது: ஒரு பக்கவாட்டுக்கு 6 பேர். முன்னால் ஸ்பிரேயர் ஒருவர், தீயின் அடியைப் பார்த்துப் பீய்ச்சித் தீயை முழங்காலுக்குக் கீழே இறக்குவார். பின்னால் 3 பேர், 3 மீட்டர் இடைவெளியில், அடிப்பவர்கள். கடைசியில் மண்வெட்டியோடு ஒருவர், விட்டுப்போன கங்குகளை எரிந்த பக்கமாகத் தள்ளுவார். ஆறாவது ஆள் எதையும் செய்யாமல் காற்றையும் புகையையும் மட்டும் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் நிற்பவரை மாற்றுங்கள், வெக்கையில் ஆள் சுருண்டு விழுவது திடீரென்றுதான் நடக்கும். தீ இடுப்பு உயரத்தைத் தாண்டினால் கையால் அடிக்கப் போகாதீர்கள். அடுத்த கோட்டுக்கோ குட்டைப் புல்லுக்கோ அது வரும் வரை விலகியிருங்கள்.

அடிக்கும் விதம்: வேப்பங்கொப்பு, புங்கங்கொப்பு, இலை அடர்த்தியாக, கை நீளத்துக்கு மேல். கொப்பைத் தலைக்கு மேல் ஓங்கி அடித்தால் காற்று ஊதிப் பொறி பச்சைப் பக்கம் பறக்கும். தாழ்வாக வைத்து அமுக்கி, அமுக்கியபடியே எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். இலை வாடியதும் கொப்பை மாற்றுங்கள். ஈரச் சாக்கும் நல்லதுதான், ஆனால் தண்ணீர் குடித்த சாக்கின் கனம் 5 நிமிடத்தில் கையை ஒடித்துவிடும். இதைவிட நல்லது ஊரில் செய்து வைத்துக்கொள்ளும் அடிகோல்: பழைய லாரி மட்கார்டு ரப்பரில் ஒரு அடி அகலம், ஒன்றரை அடி நீளம் வெட்டி, 6 அடி மூங்கிலில் இருபுறமும் தகடு வைத்து 3 போல்ட்டில் முடுக்குங்கள். தகடு இல்லாமல் போல்ட் மட்டும் போட்டால் நாலாவது அடியில் ரப்பர் கிழிந்துவிடும். டியூப் ரப்பர் வேண்டாம், அது உருகிப் பற்றும்.

ஸ்பிரேயரில் மருந்து அடிக்கும் நாசில் மூடுபனியாகத்தான் விடும், தீயின் வெக்கையே அதைத் திருப்பி அடிக்கும். நேர்க்கோட்டில் பாயும் நாசிலாக மாற்றுங்கள். அப்போது 16 லிட்டர் 10 நிமிடத்துக்குள் காலியாகும், அதனால் டேங்கர் பக்கத்தில் இருக்க வேண்டும். 16 லிட்டருக்கு பாத்திரம் கழுவும் சோப்பு நீர் 2, 3 மூடி விட்டால் தண்ணீர் புல்தூரில் உருண்டு ஓடாமல் ஊறும். பூச்சிமருந்து அடித்த டேங்க் என்றால் மூன்று முறை அலசியிருக்க வேண்டும். எண்ணெய் கலந்த மருந்து மிச்சம் தீயில் பட்டால் அந்தப் புகை நேராக மூச்சுக்குள் போகும்.

டேங்கரின் பின்வால்வைத் திறந்து விட்டால் தண்ணீர் காலடியில்தான் கொட்டும். ஒன்றரை இஞ்ச் பெட்ரோல் பம்பும் 30 மீட்டர் ஓஸும் இருந்தால்தான் அது தீயணைப்புக் கருவி. ஓட்டுவது எப்போதும் கறுத்த தரையில். ஊருணியிலோ கண்மாயிலோ திரும்ப நிரப்பும்போது, மாசிக்கு மேல் தண்ணீர் கீழே போயிருக்கும். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு பாசியிலும் சேற்றிலும் அடைக்கும். ஒரு மூங்கில் கூடைக்குள் வைத்து இறக்குங்கள்.

எதிர்த்தீ, அதாவது வரும் தீக்கு முன்னால் நாமே ஒரு தீ, வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். தீயணைப்புத் துறையோ வனத்துறையோ களத்தில் நின்று சொன்னால் ஒழிய வேண்டவே வேண்டாம். காற்று திரும்பினால் இரண்டு தீக்கும் நடுவில் உங்கள் ஆட்கள்தான் இருப்பார்கள்.

இன்னொன்று, கண்மாய்க் கரை. கரையின் சரிவில் புல் இருந்தால் மேலே ஏறி நின்று வேடிக்கை பார்க்க விடாதீர்கள். தீ சமதளத்தைவிடச் சரிவில் மேல்நோக்கிப் பல மடங்கு வேகமாக ஓடும். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் 20 பேருக்கு மேல் இறந்ததும் காய்ந்த புல் சரிவில்தான். நம் கரை சின்னதுதான், ஆனால் மேலே நிற்கும் பிள்ளைகளுக்கு அந்தச் சில நொடி போதாது.

உடை: பருத்திச் சட்டை, முழுக்கால் சட்டை, தோல் செருப்பாவது. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். கைலியோடு வந்தவரைத் தண்ணீர் எடுக்க அனுப்புங்கள். முகத்தில் கட்டும் துண்டு உலர்ந்ததாக இருக்கட்டும். ஈரத்துண்டு பக்கத்துத் தீயில் ஆவியாகி மூச்சுக்குழாயைச் சுடும். உடம்பில் தீ சுட்டுவிட்டால் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஊற்றி 108. மை, பற்பசை எதுவும் தடவ வேண்டாம்.

---

ஊருணிக்கரை:

மூன்று பேருக்கும் நன்றி. வடக்கு ஓரத்தை முதலில் அணைக்க வேண்டும் என்பது இதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, தழைக்கொப்பு அண்ணே. மறுநாள் பற்றியதைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எரிந்த கருவேலத் தூர்களின் மேல் மண் அள்ளிப் போட்டு நன்றாக மூடிவிட்டுத்தான் வந்தோம்.

---

கலப்பைக்கொழு:

மண்ணைப் போட்டு மூடியதுதான் காரணம், தம்பி. கரிமூட்டம் எப்படிப் போடுகிறார்கள்? கருவேல விறகை அடுக்கி, தீ வைத்து, மேலே மண் பூசிக் காற்றைக் குறைத்து நாள்கணக்கில் உள்ளேயே கனிய விடுகிறார்கள். நீங்கள் ஒவ்வொரு தூரையும் ஒரு சின்னக் கரிமூட்டம் ஆக்கிவிட்டு வந்திருக்கிறீர்கள். இரவெல்லாம் உள்ளே கனிந்து, காலையில் மண் காய்ந்து வெடித்ததும் மதியக் காற்றில் கங்கு வெளியே வந்திருக்கும்.

செய்ய வேண்டியது இது. கடப்பாரையால் தூரைச் சுற்றிப் பிளந்து வேர் தெரியத் திறக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி, மண்ணைக் கலந்து, சேறாகப் பிசைந்து, மறுபடி ஊற்ற வேண்டும். நீராவி நின்ற பிறகு புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. உள்ளங்கை வேண்டாம், சுட்டாலும் நாளை வேலைக்கு அந்தக் கை வேண்டும். ஒரு தூருக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும். அதனால் எல்லாத் தூரையும் அணைக்க முயலாமல், எரிந்த ஓரத்திலிருந்து உள்ளே 10 மீட்டர் வரை உள்ளதை முழுசாக அணையுங்கள். நடுவில் தனியாகப் புகைவதால் வெளியே ஆபத்து குறைவு.

தூர் மட்டும் இல்லை. காய்ந்த மாட்டுச் சாணம் வெளியே சாம்பலாக, உள்ளே கங்காக இருக்கும். ஒவ்வொன்றையும் காலால் உருட்டாமல் மண்வெட்டியால் உடைத்துக் கறுப்பின் உள்ளே தள்ளுங்கள். ஓரத்தில் நிற்கும் பனையின் அடியில் காவோலைக் குவியல் இருந்தால் பிரித்துப் போட்டு நனைக்க வேண்டும்.

---

ஆள்காட்டி:

இதோடு ஒன்று. இரவு 8 மணிக்கு மேல் ஒருமுறை டார்ச் இல்லாமல் ஓரமாக நடந்து வாருங்கள். பகலில் புகை மட்டும் தெரிந்தது இருட்டில் சிவப்பாகத் தெரியும். அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வெள்ளைத் துணி கட்டிவிட்டால், டேங்கர் அதிகாலையில் நேராக அங்கே போகலாம். கால்சட்டையும் மூடிய காலணியும் கட்டாயம், தீயிலிருந்து தப்பிய பாம்பு எல்லாம் ஓரத்துப் புல்லில்தான் ஒதுங்கியிருக்கும். மறுநாள் 11 மணியிலிருந்து 4 மணி வரை 2 பேர் ஸ்பிரேயரோடு அங்கேயே இருக்க வேண்டும். அதற்கு அடுத்த நாளும் அதே நேரத்துக்கு ஒரு சுற்று.

---

ஊருணிக்கரை:

கரிமூட்டம் உதாரணம் உடனே புரிந்துவிட்டது. அடிகோலுக்கு ரப்பர் எவ்வளவு தடிமன்?

---

தழைக்கொப்பு:

5 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் கனம் தாங்காது, கீழே போனால் மடங்கிக்கொள்ளும், தரையோடு அமுங்காது. 12 கோல் செய்து ஊர்ச் சாவடியில் வைத்துக்கொள்ளுங்கள், வருடம் ஒருமுறை போல்ட்டை முடுக்கிப் பாருங்கள்.